தெப்பத்தில் கட்டிய மஞ்சள் கயிறு

எங்கள் சித்தப்பா எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் போகிறவர். பாகப்பிரிவினையில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டு நிலத்தைத் தலையில் கட்டியபோதுகூட வாயைத் திறக்கவில்லை. ஒயர் நிறம் என்று வந்துவிட்டால் மட்டும் வேறு மனிதராகிவிடுவார்.

சென்னை காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஒயரிங் செய்யும் பட்டறையில் பல வருஷம் இருந்தவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடி அண்ணாமலைக்கே திரும்பி வந்தார். கிரிவலம் போகிறவர்களைத் தவிர எதுவும் நகராத எங்கள் ஊரில் படகுக்கு எங்கே போவது? மோட்டார் கொட்டகைகளில் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் படகு வந்துவிடும். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், பச்சை எர்த். இதை மாற்றிப் போடுகிறவன் நடுக்கடலில் நாலு பேரைக் கொல்கிறான் என்பார். அப்பா மோருக்குக் கை நீட்டுவார்.

அந்த வருஷம் தை மாதம் எங்கள் ஊர் அம்மன் தெப்பத்துக்கு விளக்குப் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதுவரை பெட்ரோமாக்ஸ்தான். தண்ணீருக்குள் லைன் கரண்டு கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, தெப்பத்தின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு லாரி பேட்டரியை ஒரே ஒயர் ஜோடியில் சேர்த்து, வண்டிகளுக்குப் போடும் சின்ன பல்புகளைச் சரமாகக் கோத்தார். இது நன்றாக எரிந்தால் சுற்றுவட்டாரத்துக் கோயில் வேலையெல்லாம் வரும், மறுபடி காசிமேட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே புருஷன் முகத்தைப் பார்த்தவள் சித்தி. அந்த மாதம் முழுக்க அவள் சிரித்த முகமாகவே இருந்தாள்.

தார் டிரம்களின்மேல் பலகை அடித்த தெப்பத்தில் அவர் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது தர்மகர்த்தா வந்து பார்த்தார்.

"சாமி ஏர்ற எடத்துல கறுப்பு ஆவாதுப்பா. எல்லாம் செவப்பே போட்டுடு."

சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கூட இருந்த ஒருவர், அப்படியானால் கறுப்புக்குப் பதில் பச்சை போடேன் என்று வழி சொன்னார். எர்த்துக்கு உரிய நிறத்தை மைனஸுக்குப் போட அவர் மனம் ஒப்பவில்லை. அந்தத் தெப்பத்தில் எர்த்தே கிடையாது என்பது வேறு விஷயம். கடைசியில் இரண்டுக்கும் சிவப்பு ஒயரே போட்டு, மைனஸ் முனைகளில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டினார். பெரியவர்கள் அதற்கும் ஏதாவது சொல்வார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே இதெல்லாம் தெப்பத்தன்று ராத்திரி அப்பா சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலையில் பூ அலங்காரத்துக்குப் பெண்கள் வந்தார்கள். சித்தியோடு நானும் போயிருந்தேன். பலகை ஓரத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பதை முதலில் பார்த்தது யாரென்று தெரியாது. அம்மன் ஏறப்போகிற தெப்பத்தில் மஞ்சள் கயிறு இருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ வேண்டிக்கொண்டு கட்டியிருக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் அமையாதவர்கள், மகன் தேர்வில் தேற வேண்டியவர்கள், மாடு நோயில் கிடப்பவர்கள் என்று ஒவ்வொருவராகக் கட்ட ஆரம்பித்தார்கள். சித்தி தன் நீலப் புடவை முந்தானையில் துணுக்குக் கிழித்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு தொட்டில் செய்து, மஞ்சள் கயிற்றில் கோத்து ஒயரில் கட்டினாள். அது எந்தப் பொம்மைக்கு என்று கேட்டேன். சும்மா இரு என்றாள்.

ஊருக்குள் போய்ச் சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளோடு சாயங்காலம்தான் சித்தப்பா வந்தார். பின்னால் அவர் கட்டிய கயிறு மட்டும்தான் இருந்தது, பார்த்து அங்கே ஒரு பேட்டரியை மாட்டினார். விளக்குகள் எரிந்தன, கரையில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முன்னால் வந்து ஒயரைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு ஒயரிலும் கொத்துக் கொத்தாக மஞ்சள் கயிறு. அதற்குள் அம்மன் ஏறியாகிவிட்டது, பூசாரி நல்ல நேரம் போகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். ஒயர் போகும் வழியெல்லாம் பூவால் மூடியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க, பூவ எடுத்துட்டு ஒரு தபா பாத்துர்றேன்," என்றார் சித்தப்பா.

சாமிக்கு வைத்த பூவை எடுப்பதாவது என்று கரையே அதட்டியது. இந்த ஒரு பேட்டரி போதுமே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், பாதி வேலைதான் தெரிந்தவன் என்றாகிவிடும். அவர் குத்துமதிப்பாக ஒரு ஒயரை எடுத்து மாட்டினார்.

அது மாறிப் போய்விட்டது. இரண்டு பேட்டரியும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றதில் ஒயர் பழுத்து, தெப்பத்தின்மேல் கட்டியிருந்த தென்னங்கீற்று வளைவு பற்றிக்கொண்டது. சித்தப்பா எரிகிற ஒயரை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தார். தண்ணீரை வாரி இறைத்துத் தீயை அணைத்தார்கள். எங்கள் பக்கம் நிலா மலையைத் தாண்டி வர நேரமாகும். அம்மன் நனைந்துபோய் இருட்டில் நின்றது. ஊருக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, அதையே எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை.

அந்த விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. காசிமேட்டுக்கும் போக முடியாது, இங்கேயும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதை அன்றைக்கே அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கருகிய ஒயர்களை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சித்தப்பா கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தி தலையைத் தூக்காமல் கத்தியால் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரம் கருகிய நீலத் தொட்டிலின்மேல் கத்தியை வைத்தபோது அவர் முதல்முறையாகப் பேசினார்.

"அத வுட்டுடு."

சித்தி கத்தியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அறுக்க வேண்டாம் என்றுதானே சொல்கிறார், இதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒயரை அடையாளம் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒன்றை விடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது பிளஸ்ஸா மைனஸா சித்தப்பா?" என்று கேட்டேன்.