சேலைக்கு மேல் எடுத்த அளவு

ஏழு மலைக்கு அப்பால் ஒரு ராஜா இருந்தாராம், அவருக்கு ஏழு ராணிகளாம். தாத்தா கதையை இப்படித்தான் ஆரம்பிப்பார். ஏழு பேருக்கும் ஜாக்கெட் தைத்தது யார் என்று ஒருநாள் கேட்டேன். "அந்தக் காலத்துல ஏதுடா ஜாக்கெட்டு?" என்றார். வில்லியனூர்ப் பக்கம் லேடீஸ் டைலர் கடை வைத்திருக்கும் எனக்கு, ஜாக்கெட்டே இல்லாத காலத்தில் பிறக்கும் யோகம் இல்லை. தையல் மிஷினோடு மாரடிக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

தாராளம்

நம் தொழிலில் ஆம்பளை டைலர் டேப்பை எடுத்துக்கொண்டு பொம்பளை பக்கத்தில் போக முடியாது. அளவுக்குப் பழைய துணி ஒன்றைக் கொடுப்பார்கள், அதைப் பார்த்துத் தைப்போம். சுடிதார் தைக்க என் கடைக்கு வந்த மல்லிகாவிடம் அதுவும் இல்லை. கல்யாணமானதிலிருந்து அவளுக்குச் சேலைதான். பள்ளிக்கூடத்துச் சுடிதார் இப்போது அவள் மகளுக்குத்தான் சேரும். திருவாண்டார்கோயிலில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேலை மிஷினில் சிக்கும், சுடிதார்தான் போடணும், துப்பட்டா கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

கூடவே நைட்டியும் தோளில் துண்டுமாக மாமியார் கனகா வந்திருந்தார். டேப்பை என்னிடமிருந்து பிடுங்கி, மருமகளின் சேலைக்கு மேலேயே, கொசுவத்தையும் முந்தானையையும் சேர்த்து அளந்தார். போதாதென்று ஒவ்வொரு இடத்திலும் நாலு விரல் கூட்டச் சொன்னார்.

"தாராளமா வையி தம்பி. உள்ள ஒரு பொம்பள இருக்கான்னே தெரியக் கூடாது."

மிஷின்

சொன்னபடி தைத்தேன். அதற்குள் இரண்டு மல்லிகா குடித்தனம் நடத்தலாம். முதல் நாள் வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள், நேரே கடைக்கு வந்தாள். கை தொளதொளவென்று இருக்கிறது, மிஷின் இழுத்துவிடும் என்று சூப்பர்வைசர் கிட்டவே விடவில்லையாம். நாளைக்கு ஒழுங்கான உடுப்பில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் வரவழைத்த மாமியார் மருமகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"துணி சரியாதான் கீது. மிஷினைப் பெருசா வாங்கச் சொல்லு."

மானம்

பின்னாலேயே மாமனாரும் வந்துவிட்டார். சட்டை இல்லை. தலையில் துண்டு, முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி. ஸ்டூலில் காலை அகட்டி உட்கார்ந்தார். தைத்த துணியை வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் சட்டென்று சுவரிலிருந்த சாமி படத்தைக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

"துப்பட்டா இல்லாம, ஒடம்பு தெரிய தெருவுல போவாளா? நம்ம வூட்டு மானம் இன்னா ஆவறது?" என்றார்.

கனகா சாமி கும்பிடும் பெண்களைப் பார்த்தார். புருஷனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் தலைத்துண்டை உருவி அவர் மார்பிலேயே வீசினார்.

"மொதல்ல நீ மூடுய்யா. அப்பறம் அவளுக்குச் சொல்லு."

சொன்ன கையோடு மருமகளின் தொளதொளப்பை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து, டேப்பை இழுத்துச் சுற்றினார். "நீ அந்தப் பக்கம் திரும்பு தம்பி" என்று எனக்கு உத்தரவு. சுவரைப் பார்த்து நின்றபடி அளவு எழுதிக்கொண்டேன். மல்லிகா வீட்டுக்குப் போய்ச் சேலைக்கு மாறிக் கொண்டுவந்து கொடுத்த சுடிதாரை, இருட்டுவதற்குள் பிரித்து, அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுவந்து, கையை மேலே தூக்கி, கீழே இறக்கி, மிஷின் ஓட்டுகிற மாதிரி ஆட்டிப் பார்த்தாள்.

"இப்ப எதுவும் சிக்காது அத்த. நாளைக்கு நிப்பாட்டட்டும் பாக்கலாம்."

மாமியாரும் மருமகளும் போனார்கள். மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு லுங்கியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, துண்டை மார்பு மறையப் போர்த்திக்கொண்டு, தெருவோரமாகவே நடந்து போனார்.

ஊரே டேப் இல்லாமல் பொம்பளைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்க, டேப் வைத்திருக்கிற பாவத்துக்குச் சுவரைப் பார்த்து நிற்பவன் நான் ஒருவன்தான்.