வலைக்குள் நின்ற நாரை

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய கேமராவில் பறவைகளைத் தவிர வேறெதையும் அவர் எடுத்ததில்லை. மகள் கல்யாணத்தில்கூட அதை வெளியே எடுக்கவில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசித்தாலும் "சரி", கோபம் வந்தாலும் "சரி". எந்தச் சரி எதற்கென்று பிரித்தறிய எனக்கு வெகுகாலம் பிடித்தது.

கேமராவின் பொத்தான் வலப்பக்கம்தான் இருக்கிறது. இடது கைக்கென்று ஒன்று கிடைக்குமா என்று மகள் தேடிவிட்டு, இல்லை என்றாள். அதனால் நான் படமெடுக்கப் பழகினேன். காலையில் அவர் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முத்தையாபுரத்திலிருந்து ஆட்டோவில் குளத்துக்குப் போவோம். அவர் கம்பை ஊன்றி, காலை இழுத்து இழுத்துக் கரைமேல் நடப்பார். பறவையைக் கண்டால் நின்று கம்பை நீட்டுவார். நான் எடுத்துத் திரையில் காட்டுவேன். பெரும்பாலும் வால் மட்டும் விழுந்திருக்கும், இல்லையென்றால் வெறும் தண்ணீர். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நீங்களே எடுங்க அப்போ" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, வீடு வரும்வரை நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தை மாதம், தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த சமயம். கருவேல மரங்களுக்குக் கீழே ஒரு மஞ்சள் மூக்கு நாரை நின்றது. கிட்டப் போனேன், பறக்கவில்லை. இன்னும் கிட்டப் போனேன். முழு உருவமும் தெளிவாக விழுந்தது, வாலோரத்து ரோஜா நிறம் உட்பட. ஓடிவந்து அவரிடம் காட்டினேன். திரையைப் பார்த்தவர் விரலால் அதன் காலைத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். காலில் நைலான் வலை சுற்றியிருந்தது.

நான் நிமிர்வதற்குள் அவர் கம்பைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கிவிட்டார்.

"ஏங்க, வழுக்கும், இறங்காதீங்க!"

முழங்கால் அளவு சேற்றில் மண்டியிட்டு, இடது கையால் பறவையை இறக்கையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்தார். அது அவர் கன்னத்தில் கொத்தியது. நான் கேமராவைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். நைலான் சதைக்குள் போயிருந்தது, பிரிக்க வரவில்லை. அப்பால் லாரி டியூபில் மிதந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தவரைக் கூவி அழைத்தேன்.

"அண்ணாச்சி, கண்ணக் கொத்திரும், விடாதீங்க" என்றபடி மீன்காரர் வந்து அலகைப் பொத்திப் பிடித்து, கத்தியால் நைலானை அறுத்தார். "யாரோ விட்டுட்டுப் போன வலை இது, அக்கா. கால் அழுகிப் போச்சு பாருங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொழைக்குமா?"

"கொண்டு போங்க. சும்மா இங்கன போட்டுட்டுப் போக மனசு வராதுல்லா."

ஆட்டோக்காரர் சேற்றைப் பார்த்துத் தயங்கினார். பிறகு ஒரு சாக்கை விரித்தார். வழியெல்லாம் பறவையை என்னிடம் தர என் கணவர் மறுத்துவிட்டார். கன்னத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. துறைமுக ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது, பறவையின் நீண்ட கழுத்து மெல்லச் சரிந்து என் மடியில் விழுந்தது.

"உயிரு போயிட்டுங்க" என்றேன்.

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டி, ரோட்டை நோக்கி மோவாயை நீட்டினார். கால்நடை ஆஸ்பத்திரிவரை போனோம். டாக்டர் தொட்டுப் பார்த்து, "இறந்துடுச்சும்மா" என்றார். அப்படியும் இவர் கையைத் தளர்த்தவில்லை. நானும் டாக்டருமாகத்தான் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினோம்.

இப்போதும் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் குளத்தங்கரையில் அவர் ஏறுவதில்லை. கீழே டீக்கடை பெஞ்சில், குளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறார். நான் மட்டும் கரைமேல் போய் வருகிறேன். எடுத்த படங்களை நீட்டினால், கேமராவை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு ரோட்டைப் பார்க்கிறார். நான் வற்புறுத்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ரோட்டைப் பார்க்கிறேன்.