கட்டிங் மாஸ்டரும் யோபுவின் நண்பர்களும்

மாஸ்டரிடம் வாயைக் கொடுத்தால் ஒரு வேத வசனமாவது வாங்காமல் திரும்ப முடியாது என்று அந்தத் தையல் கடையில் எல்லோருக்கும் தெரியும். தலைவலி என்றால் அதற்கு ஒரு வசனம். மின்சாரம் போனால் அதற்கு ஒன்று. முதலாளி வள்ளென்று விழுந்தால், அவர் அந்தப் பக்கம் போனதும் அவருக்கென்று தனியாக ஒன்று. சட்டைக்கும் கால்சட்டைக்கும் துணி வெட்டிக் கொடுப்பதுதான் அவருக்குச் சம்பளம் வரும் வேலை. வசனம் சொல்வது சம்பளம் இல்லாத வேலை. எதில் அவருக்கு மும்முரம் அதிகம் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

காலையில் ஷட்டரைத் தூக்குவது அவர்தான். வெட்டும் மேசையில் கிடக்கும் நூல் பிசிறுகளைத் துடைத்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வேதாகமத்தை விரிப்பார். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சே கிடையாது. முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் போய், கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். அதுவும் மனசுக்குள் வாசிக்கிற ஆள் இல்லை, தெருவுக்கே கேட்கும். வாசித்ததில் மனசில் ஒட்டிய ஒரு வரியைத் தையல் சாக்பீஸால் மேசையின் ஓரத்தில் எழுதி வைப்பார். நாள் முழுக்கத் துணி உரசி உரசிச் சாயங்காலத்துக்குள் அது அழிந்துவிடும். மறுநாள் வேறு வரி.

பொத்தான் துளை போடுகிற அம்மாளுக்குக் காஜாக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கோயிலுக்கும் போகிறவள் இல்லை, சபைக்கும் போகிறவள் இல்லை. ஆனால் இத்தனை வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து பாதி வேதாகமம் அவளுக்கு அத்துப்படி. வம்ச வரலாறு வருகிற அதிகாரங்கள் வந்தால் மட்டும் அவளுக்குத் தாங்காது.

"என்ன மாஸ்டர், பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கற மாதிரி பேரா வாசிச்சுட்டே போறீங்க? எல்லாரும் 'உள்ளேன் ஐயா' சொல்லி முடிக்கறதுக்குள்ள மதியம் ஆயிடும் போலிருக்கே?"

"உன் பேரு வரலேன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்பார் மாஸ்டர். இப்படித்தான் அந்தக் கடையில் பொழுது விடியும்.

மாஸ்டருக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவர் மனைவி நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று மனுஷனுக்கு என்ன தெரியும்? தெரிந்ததை வைத்து வளர்த்தார். சிக்கெடுத்துப் பின்னல் போடும்போது ஒரு வசனம், பரீட்சைக்குப் போகும்போது ஒன்று, காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி போடும்போது ஒன்று. அதிலேயே இருவருக்கும் ஒரு விளையாட்டு வந்து சேர்ந்தது. அவர் பாதி வசனம் சொல்லி நிறுத்துவார், மிச்சப் பாதியை அவள் சொல்ல வேண்டும். அவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. கல்யாணமாகிப் போகிற அன்று வாசலில் அழுதுகொண்டே மிச்சப் பாதியைச் சொன்னவள் அவள்.

மருமகன் லாரி ஓட்டுகிறவர், தங்கமான பிள்ளை. நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் குடித்தனம். வருஷக்கணக்கில் காத்திருந்து, இனி இல்லை என்றே எல்லோரும் நினைத்த பிறகு மகள் உண்டானாள். மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அளவெடுக்கும்போது தாத்தா ஆகப் போகிற கதைதான். இடுப்பளவைக் கழுத்தளவு என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது.

மருமகன் எங்கோ தூரத்து நெடுஞ்சாலையில் லாரியோடு இருந்தார். மகள் ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்தாள். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆம்பளப் பிள்ளை. அம்மா கண்ணு முழிச்சதும் ஒரு தடவை காட்டணுமா ஐயா? சில பேரு காட்டுவாங்க, சில பேரு வேண்டாம்பாங்க."

"வேண்டாம்மா. தாங்க மாட்டா" என்றார் மாஸ்டர். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா? பெற்ற மனசு, மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னது. அவரே கையில் ஏந்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். போதகர் வெளியூர் போயிருந்தார். அடக்க ஜெபத்தையும் மாஸ்டரே வாசித்து, மண்ணும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மகள் கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அப்பா, பிள்ளை எங்கப்பா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக இருந்தது.

"கொடுத்தவரே எடுத்துக்கிட்டாரும்மா..." என்று பாதியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மிச்சப் பாதியில் கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அதை அவள் சொல்வாள் என்று காத்திருந்தார், பாவி மனுஷன்.

மகள் அவரைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். அதன் பிறகு அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் மருமகன் எடுத்து, "தூங்குறா மாமா" என்பார். பகலில் செய்தாலும் தூங்கினாள், சாயங்காலம் செய்தாலும் தூங்கினாள். பிறகு மருமகனும் லாரி எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உலகத்தில் அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் கையை விட்டுப் போய்விட்டாளோ என்று பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் தவித்தார் மாஸ்டர். ஆனாலும் காலையில் ஓர் அதிகாரம் வாசிப்பது மட்டும் நிற்கவில்லை.

அப்படி வாசித்துக்கொண்டே வந்தபோது வரிசைப்படி யோபுவின் புத்தகம் வந்தது.

அவருக்கு மனப்பாடமான கதை. ஆடு மாடு போகும், வீடு இடியும், பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போய்ச் சேருவார்கள். யோபு துணியைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்து, கொடுத்தவரே எடுத்துக்கிட்டார் என்ற அந்த வார்த்தையைச் சொல்வான். மாஸ்டர் அந்த இடத்துக்கு வந்தார். குரல் நின்றுபோனது.

"என்ன மாஸ்டர், எழுத்துத் தெரியலையா? கண்ணாடியைத் துடைங்க" என்றாள் காஜாக்கா.

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது. எத்தனையோ தடவை வாசித்தாகிவிட்டது. இது யார் வாயிலிருந்து வந்த வார்த்தை என்று ஒரு தடவையாவது நின்று பார்த்தாரா? பிள்ளைகளைப் பறிகொடுத்தவன், தானாக, தன் வாயால் சொன்னது. பக்கத்தில் நின்ற எவனும் அவனிடம் போய், "கொடுத்தவர் எடுத்துக்கிட்டார், மிச்சத்தை நீ சொல்லு" என்று கேட்கவில்லை. அன்று மேசை ஓரத்தில் எதையும் எழுதவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்தார். முதலாளி குதி குதி என்று குதித்தார். மாஸ்டர் எருமைமாட்டின் மேல் மழை பெய்தது போல நின்றார்.

மறுநாள் அடுத்த அதிகாரம். நண்பர்கள் மூன்று பேர் யோபுவைப் பார்க்க வருகிறார்கள். அவன் இருக்கிற இருப்பைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அட, நல்ல மனுஷங்களா இருக்காங்களே!" என்றாள் காஜாக்கா. "அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் வாயைத் திறந்தாங்க" என்றார் மாஸ்டர். "அதுக்கப்புறம் புத்தகம் பூரா அவங்க பேச்சுதான். எல்லாம் சரியான பேச்சு மாதிரியே இருக்கும். கடைசியில கடவுளுக்கே கோபம் வந்துடும்."

"சும்மா உக்காந்திருந்து எந்திரிச்சுப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.

அன்று சாயங்காலம் வேதாகமத்தைக் கடை அலமாரியிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மகள் வீட்டு மாடிப்படி ஏறினார். கதவைத் தட்டினார். திறந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள். மாஸ்டர் கூடத்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு தரையிலேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவள் துணி மடித்தாள், அடுப்பைத் துடைத்தாள், ஜன்னலருகே போய் நின்றாள். அவர் பேசவில்லை. பேசாமல் இருப்பது அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெரிய பாடு தெரியுமா? வாய்க்குள் வசனம் வரிசை கட்டி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். இருட்டியதும், "வரேம்மா" என்று எழுந்து போனார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். காஜாக்காகூட, "தரையில உக்காந்து உக்காந்து மூட்டு போயிடப் போவுது மாஸ்டர்" என்று கடிந்துகொண்டாள். ஒரு நாள் அவர் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. இன்னொரு நாள் ஒரு தலையணை வந்தது. பேச்சு வரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், மகளும் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என்னப்பா, வசனம் எல்லாம் தீந்து போச்சா?"

குத்தலாகத்தான் கேட்டாள். அவருக்கு அதுவே காதில் தேனாக விழுந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா உக்காரலாம்னு வந்தேன்."

அவள் விரல் நகத்தைக் கிள்ளினாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அவன் யாரு மாதிரிப்பா இருந்தான்?"

மாஸ்டர் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க மட்டும்தானே பாத்தீங்க. நர்ஸைப் போய்க் கேட்டேன், அவளுக்கு ஞாபகம் இல்லையாம். ஜாடை யாருது? மூக்கு? முடி இருந்துச்சா? சொல்லுங்கப்பா. உங்ககிட்ட பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். கேக்காம இருக்க முடியல."

கல்லறைத் தோட்டம் அவர் கண்முன் வந்து நின்றது. குழி தோண்டியவர், பிள்ளையை வாங்கிப் பலகையில் கிடத்தி, முகத்துத் துணியை விலக்கி, "ஐயா, கடைசியா முகம் பாத்துக்குங்க" என்றார். மாஸ்டர் அப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜெபப் புத்தகத்தில் அடக்க ஜெபத்தின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "ம், இருங்க" என்றார். பக்கம் கிடைத்தது. ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, முகத்தை மூடி, குழிக்குள் இறக்கியாகிவிட்டது.

உன் அம்மா ஜாடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் வந்து பொய் என்று சொல்லப் போகிறார்கள்? அவளும் அதைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் இருந்திருப்பாள். அந்தப் பொய் மாஸ்டரின் தொண்டை வரை வந்தது.

"நான் பாக்கலம்மா" என்றார். "காட்டுனாங்க. நான் புத்தகத்தைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துப் போயிற்று.

"எனக்குக் காட்ட வேண்டாம்னு சொல்லிட்டு நீங்களும் பாக்கலையா? அப்ப என் பிள்ளையை யாருதான்பா பாத்தாங்க?"

அதற்கு வேதாகமத்தில் பதில் இருந்திருக்கலாம். அவர் தேடவில்லை. அழுதார். மனைவி செத்தபோதுகூட வசனம் சொல்லி அடக்கிக்கொண்ட அழுகை, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இப்போது வந்தது. மகள் அவரைத் தேற்றவில்லை. தேற்ற அவளிடம் என்ன மிச்சம் இருந்தது?

கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள்.

"கனமா இருந்தானாப்பா?"

"இருந்தாம்மா. கனமாத்தான் இருந்தான்." அவர் இடது கையை மடக்கி, அன்றைக்கு ஏந்தியது போலவே பிடித்தார். "தலை இங்க, முழங்கை மடிப்புல இருந்துச்சு. காலு இந்த விரல் நுனி வரைக்கும் வந்துச்சு. நல்ல நீளம். தோட்டத்துக்குப் போற வழியில ரெண்டு பேரு, கொடுங்க ஐயான்னு கேட்டாங்க. கை மரத்துப் போச்சு. ஆனாலும் நான் யாருகிட்டயும் கொடுக்கலம்மா."

மகள் தரையில் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள். அவர் முழங்கை மடிப்பில் கை வைத்து, அங்கிருந்து விரல் நுனி வரைக்கும் மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் முழங்கைக்கு வந்தாள்.

"இவ்வளவு நீளமா?" என்றாள்.

"இவ்வளவு நீளம்மா."