ஜன்னல் பக்கம் சாயும் முள்

ஷாஸியே எனக்கு ஓரகத்தி. என் கணவரின் தம்பி துர்சுனைக் கட்டி, துருக்கியின் ரிஸே மலையில் எங்கள் தேயிலைச் சரிவுக்கு வந்தவள். அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் எல்லோருமே வணங்காமுடிகள். அவளுடைய சின்னம்மா ஒருத்தி, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று நிக்காஹ் அன்றைக்கு மாட்டுத் தொழுவத்துக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டவள். இவளுக்கும் அதே ரத்தம்தான்.

அவளுக்கென்று இருந்தது ஓர் இரும்பு விறகடுப்பு. வீட்டுக்குச் சூடு தருவதும் அதுதான். ரொட்டி வேகும் பெட்டியும் அதிலேயே இருந்தது. பெட்டிக் கதவில் சூடு காட்டும் மீட்டர். அதன் முள் ஜன்னல் பக்கம் சாய்ந்தால் சோள ரொட்டியை உள்ளே தள்ளுவாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அப்படித்தான்.

துர்சுன் இறந்து ஒரு வருஷம் ஆனபோது மௌலிது ஓத ஊரையே அழைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து ரொட்டியெல்லாம் கரிக்கட்டை. புகைக்குழாய் சிவந்துவிட்டது. வந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். பூர்சா நகரத்திலிருந்து வந்திருந்த மகன் நெஜாத்திக்கு முகமே செத்துவிட்டது.

மறுநாள் அடுப்பு ஆறியதும் ஆரம்பித்தான். "போதும்மா. ஒருநாள் வீட்டோட எரிஞ்சிடுவே. அடுப்பை வித்துடறேன், எங்ககூட வந்துடு. அங்க குழாய்லயே சூடு வரும், நீ சும்மா உக்காந்திருந்தா போதும்."

"சும்மா கிடக்க நான் என்ன மையத்தாடா? மீட்டர்தான் பொய் சொல்லுது. முந்தாநாள் வந்ததும் மாட்டினியே, அந்தப் புதுசு."

"நல்ல மீட்டர்மா. பொய் சொல்லாது."

"ஏன், நீ பெத்த புள்ளையா அது, அவ்வளவு நம்பிக்கை?"

"சரி, கொதிக்கிற தண்ணியில வச்சுப் பாப்போம். நூறு காட்டலேன்னா நீ இங்கயே இரு. காட்டினா மூட்டையைக் கட்டு."

"கட்டறேன், வை!"

மீட்டரைக் கழற்றி, அதன் தண்டை, கேஸ் அடுப்பில் டீப்பானையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் விட்டான். முள் மெல்ல நகர்ந்து நின்றது. "பெரியம்மா, நீங்களே பாருங்க," என்றான் என்னிடம். பார்த்தேன். நூறுதான். மருமகள் செவில் மாமியாரின் சால்வைகளை மடிக்கத் தொடங்கினாள்.

ஷாஸியே உள்ளே போனாள். சோளமாவு டின்னுக்குப் பின்னாலிருந்து பழைய மீட்டரை எடுத்து வந்தாள். கண்ணாடி விரிசல் விட்டு, புகையேறிப் பழுப்பாகிக் கிடந்தது. அதையும் அதே பானையில் வைத்தாள். பழையதின் முள் நன்றாக எழுந்து நின்றது. புதியதின் முள் இன்னும் படுத்த மாதிரியே இருந்தது.

நெஜாத்தி பழைய கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தான். "இதுவும் நூறுதான் காட்டுது. ஆனா இது முந்நூறு வரைக்கும்தான் போகும். புதுசு ஐந்நூறு வரைக்கும். முள்ளு ஜன்னல் பக்கம் சாயும்போது இதுல இருநூறு, அதுல முந்நூறுக்கு மேல!" சட்டென்று நிமிர்ந்தான். "அம்மா, நீ நம்பரைப் பாக்கறதே இல்லியா?"

எனக்கு மட்டும் தெரியும். அவளுடைய மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது நான்தான். பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று என் வாயைக் கட்டி வைத்திருந்தாள். இப்போது காதுவரை சிவந்தாள். ஆனால் தலை குனியவில்லை.

"இல்லடா. எனக்கு நம்பர் தெரியாது. எங்க அண்ணன் பள்ளிக்கூடம் போனான், நான் தேயிலைக் கூடை தூக்கினேன். உன்னைப் படிக்க வச்சதும் அந்தக் கூடைதான். தெரியலேன்னா வீட்டை விட்டுத் துரத்திடுவியா?"

"ஆனா மாமி," என்று செவில் இழுத்தாள், "மீட்டர் நூறு காட்டினா வர்றதா ஒத்துக்கிட்டீங்களே?"

"ஒத்துக்கிட்டேன்தான். இப்ப மாட்டேங்கறேன். தோத்தவங்க எல்லாம் பூர்சாவுக்குப் போகணும்னா இந்த மலையில குடியே இருக்காது. சால்வையைப் பிரிச்சுப் போடு, எனக்குக் குளிருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஜாத்தி பழைய மீட்டரை மாட்டப் போனான்.

"உடைஞ்சதை என் கதவுல மாட்டாதே. புதுசே இருக்கட்டும். இருநூறு எங்க வருதுன்னு மட்டும் காட்டு."

காட்டினான். முள் விறகுக் குவியல் பக்கம் சாயும் இடம். ஷாஸியே ஆணியும் சுத்தியலும் எடுத்து, மகன் பதறப் பதற, கதவின் வெள்ளைப் பூச்சில் அங்கே நறுக்கென்று ஒரு கோடு கீறினாள்.

அடுத்த காலையில் மினிபஸ்ஸில் மகனும் மருமகளும் மட்டும் ஏறினார்கள். அவன் மடியில் சூடாக ஒரு சோள ரொட்டி. பிய்த்து வாயில் போட்டவன் அம்மாவைப் பார்த்தான்.

"அடியில லேசாக் கருகியிருக்கும்மா."

"தெரியும். தின்னுக்கிட்டே போ."