இரண்டு லெட்சுமிகளும் ஒரு ஸ்பிரிண்ட்டும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஈப்போவில் எங்கள் அலுவலகம். புது ஸ்பிரிண்ட்டுக்குத் திட்டம் போட உட்கார்ந்திருந்தோம். காப்பிகூட இன்னும் ஆறவில்லை. ரோஸ்லின் தன் லேப்டாப்பை மூடினாள்.

"அக்கா, நான் இந்த மாசத்தோட வேலைய நிப்பாட்டிக்கலாம்னு இருக்கேன்."

எதிரே குமரேசன் வாயில் வைத்த கறிப்பாப் பலகாரத்தைக் கடிக்காமல் அப்படியே இருந்தான்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — வாரம் ஒருமுறை உங்களோடு அரட்டை அடிப்பது போக, மற்ற நாள்களில் நான் ஒரு சின்ன மென்பொருள் குழுவை மேய்க்கிறேன். சின்ன என்றால் ரொம்பவே சின்ன. புரோகிராம் எழுதக் குமரேசன், புந்தோங் பையன். அவன் எழுதியதைச் சோதித்துப் பார்க்க ரோஸ்லின். லூமுட்டில் இருந்து வந்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். அண்மையில் நான்காவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுப்பதில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாக வருவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. பெயர் ஏஐ.

ஸ்பிரிண்ட் என்றதும் ஓட்டப் பந்தயம் என்று நினைக்காதீர்கள். பெரிய வேலையை ஒரேயடியாகத் தூக்காமல், இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் எடுத்து, முடித்து, கேட்டவர்களிடம் காட்டிவிட்டு, அடுத்ததற்குப் போவது. அந்த இரண்டு வாரத்துக்குப் பெயர்தான் ஸ்பிரிண்ட். அதற்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பேசியாக வேண்டும்.

முன்பெல்லாம் அந்தப் பேச்சு ஒரு காலை முழுக்க நடக்கும். 'இது ஒரு நாள் வேலை' என்பான் குமரேசன். 'உங்களுக்கு ஒரு நாள், எனக்கு மூணு நாள்' என்பாள் ரோஸ்லின். சண்டை நடக்கும். ஏஐ வந்தபின் சண்டையே இல்லை. வாடிக்கையாளர் கேட்டதை எல்லாம் அதற்குக் கொடுத்தால் போதும் — துண்டு துண்டாகப் பிரித்து, எதற்கு எவ்வளவு நேரம் என்று போட்டு, இரண்டு வாரத்துக்குள் அழகாக அடுக்கித் தந்துவிடும். புரோகிராமையும் பெரும்பாலும் அதுவே எழுதிவிடும். நாங்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

தலையாட்டினோம். அப்படியே இரண்டு ஸ்பிரிண்ட்கள் ஓடின. 'ஆகா, என்ன வேகம்!' என்று எங்களை நாங்களே தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் இந்தத் திங்கட்கிழமை.

"ஏன் ரோஸ்? வேற எடத்துல கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைக்கா."

"வீட்டுல ஏதும்…?"

"வீட்டுல ஒண்ணும் இல்லை. இங்கதான்." அவள் மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "முன்ன குமார் அண்ணே ஒண்ணு எழுதித் தருவாரு. நான் உக்காந்து நோண்டி நோண்டிப் பார்ப்பேன். இப்ப காலையில வந்தா பத்து நிக்குது, மத்தியானம் இன்னும் பத்து வருது. நான் பார்த்தாச்சுன்னு டிக் போடுறேன். ஆனா பார்க்கலைக்கா. பார்க்க நேரம் இல்லை. நாளைக்கு யாரையாச்சும் வேன் ஏத்தாம விட்டுட்டுப் போயிட்டா, அந்த டிக் என்னுதுதானே?"

வேன் என்று அவள் சொன்னதை விளக்கிவிடுகிறேன். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு டயாலிசிஸ் மையத்துக்கான ஆப். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டில் இருந்து வேனில் ஏற்றி வந்து, ரத்தம் சுத்திகரித்து, மறுபடி கொண்டுபோய் விடுகிற மையம். ஈப்போக்காரர்கள் மட்டுமில்லை, கோலா கங்சார் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டக் குடியிருப்புகளில் இருந்தும் ஆள்கள் வருகிறார்கள். எந்த வேன், யாரை, எங்கே, எப்போது ஏற்றவேண்டும் என்பதை அதுவரை அங்கே தலைமைத் தாதியான மேட்ரன் பத்மா போனிலேயே சமாளித்துக்கொண்டிருந்தார். இந்த ஸ்பிரிண்ட் முடிந்ததும் எங்கள் ஆப்தான் அதைச் செய்யவேண்டும்.

ஒருமுறை டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் ஏறும். மூச்சு முட்டும். வேன் வரவில்லை என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

குமரேசன் கறிப்பாப்பைக் கீழே வைத்தான். இப்போது மல்லுக்கு நிற்பான் என்று நினைத்தேன். ஏஐ மேல் அவனுக்குக் கொஞ்சம் காதல் உண்டு. ஆனால் அவன் மெல்ல, "அக்கா, நானும் ஒண்ணு சொல்லிடுறேன்லா… அது எழுதுறதை எல்லாத்தையும் நானும் முழுசாப் படிக்கலை" என்றான்.

ரோஸ்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நீங்க படிச்சிருப்பீங்கன்னுதானே நான் விட்டேன்?"

"நீ பார்த்துருவேன்னுதான் நானும் விட்டேன்."

நடுவில் இருந்த நான்? இரண்டு பேரும் பார்த்திருப்பார்கள் என்று விட்டேன்!

அன்று ஏஐ போட்டுவைத்திருந்த திட்டத்தைத் திரையில் திறந்தேன். நோயாளி எங்கே வருகிறார் என்று காட்டும் வரைபடம், குடும்பத்தாருக்குத் தகவல், ஓட்டுநருக்கு நட்சத்திரம் கொடுக்கும் பக்கம், மாத அறிக்கை… எல்லாம் இரண்டு வாரத்தில் முடியும் என்றது. பொய் இல்லை. எழுதி முடிக்க முடியும்தான். எழுதியதை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கவும் இன்னொருவர் சோதிக்கவும் ஆகிற நேரத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நாங்களும் சொல்லவில்லை.

"சரி, முதல்ல இருந்து போலாம்" என்றேன்.

அன்று காலை முழுக்கப் பேசினோம். இந்த இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் எது? ரோஸ்லின் யோசிக்கவே இல்லை. "வேன்ல ஏற வேண்டிய ஆள் ஏறணும். ஏறலைன்னா மேட்ரனுக்கு உடனே தெரியணும்."

அதுதான் இலக்கு என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் படித்து, மற்றவர் சோதிக்காமல் எதையும் முடிந்தது என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்தோம். ரோஸ்லின் ஒரு நாளில் பார்க்க முடிகிற அளவுக்குமேல் அவள் மேசைக்கு எதுவும் போகாது. போன ஸ்பிரிண்ட்டில் அவசரத்தில் டிக் வாங்கியவையும் மறு சோதனைக்கு வரும். இதையெல்லாம் ஏஐயிடம் சொல்லித் திட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னோம். போட்டதில் பாதிக்குமேல் தானே வெட்டிவிட்டு, கொஞ்சமும் கோபித்துக்கொள்ளாமல் புதிதாக ஒன்று தந்தது. மனிதராக இருந்திருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்!

"மேட்ரன்கிட்ட யாரு சொல்றது?" என்றான் குமரேசன். கேட்டுவிட்டு இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

போன் போட்டேன். வரைபடம் வராது, நட்சத்திரம் வராது, அறிக்கை வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"வேன்ல ஆள் ஏறலைன்னா எனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மேட்ரன்.

"தெரியும் மேட்ரன்."

"அப்ப அது போதும்லா. மத்ததெல்லாம் உங்க பசங்க ஆசையா காட்டுனாங்க. மனசு நோகுமேன்னு தலைய ஆட்டி வச்சேன்."

எத்தனை இடங்களில் இப்படித்தான் நடக்கிறதோ… கேட்டவருக்கு வேண்டாம், செய்பவருக்கு முடியாது, ஆனால் இரண்டு பக்கமும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு!

ரோஸ்லினிடம் வேலையை விடுவது பற்றி நான் மறுபடி பேச்சு எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் பயம் இருந்தது. ஒவ்வொரு காலையும் அவள் பைக் சத்தம் வாசலில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒரு பிற்பகல். போன ஸ்பிரிண்ட்டில் நாங்களே முடிந்தது என்று ஒதுக்கிய ஒரு பகுதியை ரோஸ்லின் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மையம் கொடுத்த பெயர்களை உள்ளே ஏற்றி, வேன் வேனாகப் பிரிக்கிற பகுதி.

"அக்கா, கோலா கங்சார் வேன்ல ஒரு ஆள் குறையுது."

"எண்ணிப் பாரு நல்லா."

"எண்ணிட்டேன். உள்ள போறப்ப இருக்காங்க. வெளிய வாரப்ப ஒரு ஆள் இல்லை."

குமரேசன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஏஐ எழுதியதை வரி வரியாகப் படித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஒரே பெயர், ஒரே முகவரி, ஏறும் இடமும் ஒன்று என்றால், அது ஒருவரையே இரண்டு முறை பதிந்த தவறு என்று ஏஐ எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டது. அடையாள அட்டை எண்ணை மையம் வெளியே தருவதில்லை. அதனால் எங்களிடம் இருந்தது இந்த மூன்றும்தான். டவுனில் இருக்கிற எந்தத் தெருவுக்கும் அது சரியான யோசனை. ஆனால் தோட்டத்தில்? அத்தனை வீட்டுக்கும் முகவரி ஒன்றே — தோட்டத்தின் பெயர்!

ரோஸ்லின் மேட்ரனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "மேட்ரன், அந்தத் தோட்டத்துல இருந்து வாரது ரெண்டு லெட்சுமியா?"

"ஆமா. ஒருத்தவங்க நல்ல உயரம், இன்னொருத்தவங்க குட்டை. ரெண்டு பேரும் கோயில் முன்னாலதான் நின்னு ஏறுவாங்க. ஏன்?"

நீக்கப்பட்டவர் எந்த லெட்சுமி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒருவர் வந்ததும் கணக்குச் சரி என்று வேன் கிளம்பியிருக்கும். ஆள் ஏறவில்லை என்ற எச்சரிக்கையும் அடித்திருக்காது. இல்லாத ஆளுக்கு எப்படி அடிக்கும்?

அன்றே அதைச் சரிசெய்தோம். மையம் தன் நோயாளிகளுக்குக் கொடுத்திருக்கிற எண்ணை வாங்கிப் பெயரோடு சேர்த்தோம். குமரேசன் படித்தான். ரோஸ்லின் சோதித்தாள். உயரமான லெட்சுமி, குட்டை லெட்சுமி — இரண்டு பேரும் திரையில் வந்து நின்றபோது அவள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள்.

ஏஐயைத் திட்டலாமா? மனசு வரவில்லை. நான் பிறந்தது தோட்டத்தில். குமரேசனின் அம்மா வீடும் தோட்டம்தான். ஒரே முகவரி என்பது எங்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ரொம்பத் தெரிந்ததால் சொல்லத் தோன்றவில்லை. உட்கார்ந்து சண்டை போட்டுத் திட்டம் போட்ட காலத்தில், இப்படிப்பட்டவை பேச்சோடு பேச்சாக எப்படியோ வெளியே வந்து விழும். பேச்சை மிச்சம் பிடித்தோம், விழவேண்டியது விழவில்லை.

ஆப் ஓடத் தொடங்கிய காலை, நல்ல மழை. முதல் வேன் புறப்படுவதற்கு முன்பே நாங்கள் மூவரும் அலுவலகம் வந்துவிட்டோம். திரையில், வேனில் ஏறியவர் பெயர் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. புந்தோங் வேன் முடிந்தது. கோலா கங்சார் வேன் தோட்டத்துக் கோயில் முன்னால் நின்றது. ஒரு லெட்சுமி பச்சை.

இன்னொரு லெட்சுமி சிவப்பு. எச்சரிக்கை மணி அடித்தது.

"ஐயோ" என்றான் குமரேசன். ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் எதையோ கோட்டை விட்டுவிட்டோமா? மேட்ரனுக்கு அடிக்கலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் அவரே அழைத்தார்.

"பயப்படாதீங்க. டிரைவர்கிட்ட கேட்டுட்டேன். குட்டை லெட்சுமி சுவெட்டரை மறந்துட்டாங்களாம். இங்க ஏர்கான் குளிருதுன்னு எடுக்கத் திரும்பப் போயிருக்காங்க. வேன் நிக்குது."

கொஞ்ச நேரம். சிவப்பு பச்சையானது.

நாங்கள் மூவரும் எதற்குச் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. குமரேசன் எல்லாருக்கும் காலைப் பசியாற நாசி லெமாக் வாங்கி வர ஓடினான். நான் மெல்ல, "ரோஸ், வேலைய நிப்பாட்டுறேன்னியே…" என்று இழுத்தேன்.

"நிப்பாட்டினா குமார் அண்ணே எழுதுறதை யாருக்கா பார்க்கிறது?" என்றாள். வயிற்றில் பால் வார்த்தாள் என்பது இதைத்தானோ!

மத்தியானம் மேட்ரனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "ரெண்டு லெட்சுமியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வந்ததுல இருந்து வாய் மூடலை. என் நர்ஸுங்களுக்குத் தலைவலி. உங்க ஆப்ல இதுக்கு ஏதும் செய்ய முடியுமா?"

முடியாது மேட்ரன். ஏஐயே வந்து செய்கிறேன் என்றாலும் விடமாட்டோம்!