தொடர்கதைக்கு முந்தின பக்கம்

சைக்கிள் புத்தகக்காரர் அப்துல் சத்தாரின் மகள் புத்தகத்தைக் கண்டாலே மயக்கம் போட்டு விழுந்துவிடுகிறாளாம். பூக்காரி சொன்னதாகத் தயிர்க்காரி சொல்லி, அவள் சொன்னதாக அம்சா சத்தாரிடமே சொன்னாள்.

"மெய்தானா பாய்? தர்காவுல மந்திரிச்சுப் பார்த்தீங்களா?"

"மயக்கம்லாம் இல்லம்மா. வெறும் தூக்கம்தான்," என்றார் சத்தார், சைக்கிளை ஸ்டாண்டு போட்டபடி.

அம்சா பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் வீட்டுக்காரி. அவருக்குப் பத்து வருஷத்து வாடிக்கை. காலையில் சத்தாருக்கு பைண்டிங் வேலை. மத்தியானத்துக்கு மேல் கேரியரில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, வாரப் பத்திரிகையும் கதைப் புத்தகமும் தெருத் தெருவாக வாடகைக்குக் கொடுப்பார். அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்குப் பெட்டி காலி. யாருக்கு எது பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே எடுத்து நீட்டுகிற மனுஷருக்கு, சொந்த வீட்டில் இருக்கிற பதினாலு வயசுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

மகள் ஃபரீதா கணக்கில் புலி. தமிழில் அரையாண்டுப் பரீட்சைக்கு வாங்கியது பதினெட்டு. "பாடப் புத்தகத்தை விடுங்க, எதையாவது படிக்கட்டும். படிச்சாத்தான் எழுத வரும்," என்றார் டீச்சர். மனைவி உம்முசல்மா அதற்கும் மேலே போய்விட்டாள்: "முழுப்பரீட்சையும் இப்பிடின்னா பள்ளிக்கூடம் போதுங்க. வீட்டுல இருக்கட்டும்." சத்தார் ஐந்தாவதோடு நின்றவர். மகள் பதினொன்றாவது முடித்து விடுவாள் என்று நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார்.

ராஜா கதை கொடுத்தார். "நாலு பக்கமா குதிரையில வந்துக்கினே இருக்காரு அத்தா. எறங்கட்டும், அப்புறம் படிக்கிறேன்." நீதிக் கதை கொடுத்தார். "கடைசியில நம்மளைத்தான் திட்டப்போறாங்கன்னு மொதல் வரியிலயே தெரியுது." பேய்க் கதைக்கு, "இந்தப் பேய்க்கு வீட்டுல வேலையே கெடையாதா?" என்று கேட்டுவிட்டு அதையே தலைக்கு வைத்துத் தூங்கினாள். புத்தகம் கனமாக இருந்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்று தாயாரிடம் சொன்னாளாம்.

பொங்கல் கழிந்த வாரம் அம்சா ஒரு மூட்டை பழைய வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டாள். இரண்டு வருஷத்துக்கு முந்தி அவள் அழுது அழுது படித்த குடும்பக் கதை ஒன்று, வாரா வாரம் வந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து ஒரே புத்தகமாகத் தைத்துத் தர வேண்டும். சத்தாரும் கிழித்து, அடுக்கி, தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை போட்டு, அட்டை ஒட்டி வைத்தார். மிச்சக் காகிதத்தைக் கண்ணாயிரத்தின் மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போட்டுவிட்டார்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஃபரீதா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். சத்தார் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஒரு பக்கம் படித்தாள். நாலு தாளைத் தள்ளினாள். மறுபடி ஒரு பக்கம்.

"இன்னாம்மா தாண்டித் தாண்டிப் படிக்கிறே?"

"அந்த அழுவாச்சிக் கதை யாருக்கு வேணும்? நான் லாரிக் கதை படிக்கிறேன்."

அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. அம்சாவின் கதை தாளின் பின்பக்கத்தில் ஆரம்பிக்கும். அதே தாளின் முன்பக்கத்தில் வேறொரு தொடர்கதையின் அந்த வாரத்துக் கடைசிப் பக்கம். கல்யாணச் சீர் ஏற்றிப் போன லாரி ஒன்று வழியில் காணாமல் போன கதை. அதில் ஆரம்பம், நடு எதுவும் இந்தப் புத்தகத்தில் கிடையாது. வாரம் ஒரு கடைசிப் பக்கம்தான்.

"எவனோ கதவைத் தட்டுறான், உடனே தொடரும்னு போட்டுடறாங்க. யாரு தட்டுனதுன்னு நானே யோசிச்சு வெச்சிக்கிறேன். அடுத்த வாரம் பார்த்தா பாதி தப்பா இருக்குது," என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மீதிப் பக்கம்லாம் எங்கத்தா?"

சொன்னார்.

"பொட்டலத்துக்கா? நீங்கள்லாம் ஒரு புஸ்தகக்காரரா?"

அன்றிலிருந்து கடைக்குப் போகிற வேலை முழுக்க அவளுடையது. "கடுகு வேணுமா, காகிதம் வேணுமா?" என்று கண்ணாயிரம் கேட்டால், "காகிதம். கடுகை நீங்களே வெச்சிக்கோங்க," என்பாள். மிளகாய்த்தூள் நெடியோடு ஏழெட்டுத் தாள் தேறியது. அகப்படாத பக்கங்களைப் பழைய நோட்டில் தானே எழுதிச் சேர்த்தாள். "ஒரே வாரத்துல மூணு தடவை சீரகம் வாங்கியிருக்கா," என்று முறையிட்ட உம்முசல்மாவே, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, "அந்த டிரைவர் நல்லவனா கெட்டவனா, அதைச் சொல்லிட்டு எந்திரி," என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அம்சா தெருவில் மடக்கினாள். "என் புக்கு இன்னா ஆச்சு பாய்?"

"பசை காயலம்மா."

"மூணு வாரமாவா?"

கடைசியில்தான் சிக்கல். கடைசித் தாளில் 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது; லாரிக் கதை அம்சாவின் கதையைவிட ஒரு வாரம் கூடுதலாக ஓடியிருக்கிறது. தன் கதை முடிந்ததும் அம்சா பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டாள். சத்தார் தம் வாடிக்கை வீடுகள் அத்தனையிலும் விசாரித்துவிட்டார். அந்த இதழ் ஒருவரிடமும் இல்லை.

ஃபரீதா விடவில்லை. ஒரு தாளின் அடியில் பத்திரிகை ஆபீசின் மெட்ராஸ் நம்பர் பொடி எழுத்தில் இருந்தது. சரக்குக்குச் சொல்லி அனுப்பக் கண்ணாயிரம் கடையில் டெலிபோன் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து எக்ஸ்சேஞ்சிலிருந்து கூப்பிட்டார்கள்.

"மணி போவுதாம், லைன்லயே இருக்கச் சொல்றாங்க," என்று ஃபரீதா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சத்தார் அப்போதுதான் அதை யோசித்தார். எடுக்கிற ஆள் ஏதோ அவசரத்தில், "டிரைவர்தாம்மா திருடன்," என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டால்? முழுப்பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கதை முடிந்த கையோடு இவள் பழையபடி புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டால்? ஒரு ஆளும் எடுக்கக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டது. மகளின் முகத்தைப் பார்த்தால் யாராவது எடுத்துத் தொலைக்கட்டும் என்றும் இருந்தது.

"சனிக்கிழமைம்மா, பூட்டிக்கினு போயிருப்பாங்க," என்றார் கண்ணாயிரம். "வெச்சிடு."

"இருங்க. மாடியிலேர்ந்து எறங்கி வரவேணாமா?"

"மாடின்னு உனக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்," என்றாள் ஃபரீதா, ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி. "நாலு மாடி. கெழவரு ஒருத்தர் சாவியைத் தேடிக்கினு வராரு."

மெட்ராஸில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.