விசிலுக்கு மாறிய ரைட் மாமா

என் அம்மாவின் தம்பியை எல்லோரும் ரைட் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே அவ்வளவாக நினைவில் இருந்திருக்காது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அந்த வண்டிக்கு டிரைவர் என் அப்பா. முன்னால் அக்கா புருஷன், பின்னால் மச்சினன் என்று எங்கள் குடும்பத்தில் பாதி அந்த ஒரே வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

ரைட் என்றால் வண்டி கிளம்பும். அது எல்லா பஸ்ஸிலும் உள்ளதுதான். மாமா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவினால் ரைட். கடையில் வாங்க வேண்டியதை அத்தை சொல்லி முடித்தால் ரைட். வாக்குவாதத்தில் தோற்றுப்போனால், "ரைட்டு, விடு." யாராவது அளந்துவிட்டால் "ரை...ட்டு" என்று ஜவ்வாக இழுப்பார், அளந்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொள்வான். பெரியப்பா போன சேதி வந்த அன்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெல்ல ஒருமுறை சொன்னார். அதுவரை திடமாக இருந்த அம்மா அதைக் கேட்டதும் உடைந்துபோனாள்.

அத்தை அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "என்னைக் கேட்டு வந்தப்பவும் இதேதான். பொண்ணப் புடிச்சிருக்கான்னு எங்கப்பா கேட்டாரு. ரைட்டுன்னாரு இந்த மனுஷன். பஸ்ஸுதான் கிளம்புதுன்னு எங்கப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு!"

அப்பாவுக்கு அந்தக் குரல் இருந்தால் போதும். பின்படியைக் கண்ணாடியில் பார்க்கவே மாட்டார். "அவன் பாத்தா நான் பாத்த மாதிரி" என்பார். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓட்டினார்.

ஒரு மழை நாளில் அந்த வழக்கமே அவர்கள் காலை வாரிவிட்டது. கூட்டம் நெரிய, ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். மாமா கவனிக்காமல் குரல் கொடுத்துவிட்டார். அப்பாவும் வண்டியை எடுத்துவிட்டார். பெரியவர் விழுந்து கை முறிந்தது.

ஆபீஸில் விசாரித்தார்கள். "குரல் வந்துச்சு, எடுத்தேன்" என்று அப்பா உள்ளதைச் சொன்னார். மாமாவைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

திரும்பி வந்தபோது மாமாவின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. "இனிமே அந்தாளுக்கு என் வாயிலேர்ந்து ஒரு சொல்லு போகாது" என்று அத்தையிடம் சொல்லிவிட்டாராம். விசில் கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனாலும் வண்டியை எடுத்துவிடுவார். நாளெல்லாம் ஒரே வண்டி. பேச்சு மட்டும் கிடையாது. மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதும் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். மாமாவின் தோளிலேயே வளர்ந்தவள் அவள். அம்மா போய்க் கூப்பிட்டாள். "உன் தம்பி பொண்டாட்டி வருவா, புள்ளைங்க வரும். என்னை விட்டுரு" என்று சொல்லிவிட்டார். தூது போன சொந்தக்காரர்களுக்கும் அதே பதில். கல்யாணம் நெருங்கிவிட்டது. தம்பி வராமல் போனால் இந்த உறவு இனி ஒட்டவே ஒட்டாது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஒருநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். வண்டி வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அம்மா படியில் ஒரு காலை வைத்தாள். இன்னொரு கால் தரையிலேயே இருந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மாமாவின் வாய் வரை போன விசில் பாதியில் நின்றது. "அக்கா, ஏறு."

"கல்யாணத்துக்கு வர்றேன்னு சொல்லு, ஏறுறேன்."

"இது பஸ்ஸு, அக்கா. வீடில்ல."

"வீட்டுக்குத்தான் நீ வர்றதில்லையே. வேற எங்க வந்து பேசுறது?"

உள்ளே இருந்து ஒருவர் கத்தினார். "ஏம்மா, ஒண்ணு ஏறு, இல்ல இறங்கு. என் ஆபீஸு போயிரும்!"

"எங்க போகும்? நீங்க போகாத வரைக்கும் அங்கதான் தூங்கிட்டு இருக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்த பூக்காரி. சிரிப்பு எழுந்தது. மாமா சிரிக்கவில்லை. அம்மாவின் தரையில் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது.

இன்ஜின் நின்றது. அப்பா இறங்கிச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"மாப்ள, நான் ஆபீஸ்ல சொன்னது நெசம். மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அதைச் சொல்லத்தான் இறங்கி வந்தீங்களா?"

"முழுசாக் கேளு. நானும் கண்ணாடியப் பாக்கல. அதையும் அங்க சொல்லியிருக்கணும். சொல்லல. பயந்துட்டேன்."

மாமா டிக்கெட் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "அந்தப் பெரியவரப் போய்ப் பாத்தீங்களா அத்தான்?"

"ரெண்டு தடவை போனேன். உன்னைத்தான் கேட்டாரு. அந்தத் தம்பி நல்லா இருக்கானான்னு."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார். "அக்கா, முதல்ல அந்தக் காலத் தூக்கி உள்ள வை. என்னால பாக்க முடியல. வர்றேன். முந்தின நாளே வர்றேன். போதுமா?"

அம்மா ஏறினாள். அப்பா தன் இருக்கைக்குத் திரும்பினார். வண்டிக்குக் குரல் கொடுத்துவிட்டு, மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தார். சமையலுக்கு யார், பந்தல் யார் போடுவது, மாப்பிள்ளைப் பையனுக்குக் கோபம் வருமா என்று இத்தனை மாதத்துப் பேச்சும் மடை திறந்துகொண்டது. அப்பாவும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பூக்காரி இறங்க வேண்டிய நிறுத்தத்தில் வண்டி நிற்கவே இல்லை. அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இருவரையும் வாய் ஓயாமல் திட்டியபடி திரும்பி நடந்தாள். அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை.